வயசான குதிரைக்குக் கருணைக்கொலை: முடிவெடுப்பது, அந்த நாளைத் தாண்டுவது, அப்புறம் தூங்குவது

வயதான குதிரை வைத்திருக்கும் எல்லோருக்கும் உள்ளூர ஓர் ஆசை இருக்கும். ஒரு நாள் காலையில் லாயத்துக்குப் போய்ப் பார்த்தால் அது ராத்திரி தூக்கத்திலேயே போயிருக்க வேண்டும், நாம் எதையும் முடிவு செய்ய வேண்டி வரக்கூடாது. அப்படி நடப்பது அபூர்வம். 25 வயதைத் தாண்டிய குதிரை "தானாக" சாவது என்றால் பெரும்பாலும் வயிற்று வலியில் மணிக்கணக்காகப் புரண்டு சாவது, இல்லையென்றால் கீழே விழுந்து எழ முடியாமல் ஒரு பகலும் ஓர் இரவும் கிடந்து சாவது. 400 கிலோ உடம்பு ஒரே பக்கமாகக் கிடந்தால் அடியில் மாட்டிய தசைகளுக்கு ரத்தம் போகாது, அவை கெட ஆரம்பிக்கும், எழ முயன்று முயன்று தலையைத் தரையில் மோதிக்கொள்ளும். இயற்கையாகவே போகட்டும் என்று விட்டுவிடுவதை என்னால் கருணை என்று சொல்ல முடியவில்லை.

இதை ஒரு முறை கடந்து வந்தவர்களிடம் பேசினால் ஒன்று புரியும். குதிரை போன துக்கம் எல்லோருக்கும் உண்டு, அது மெல்ல மெல்லத் தேறிவிடும். தேறாமல் நிற்பது வேறு. "தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுக் கடைசியில் கஷ்டப்படுத்திவிட்டோமே" என்பது ஒன்று. அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில் பார்த்த காட்சி என்னவென்று புரியாமல், அது வலியில் துடித்ததா இல்லையா என்று பல மாதம் கழித்தும் ராத்திரி விழித்துக்கொண்டு யோசிப்பது இன்னொன்று. இரண்டையும் பெருமளவு முன்கூட்டியே தடுக்கலாம். கீழே எழுதியிருப்பதெல்லாம் அதற்காகத்தான்.

எப்போது?

தேதியை யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், டாக்டர் உட்பட. அவர் "இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்பார், அல்லது "உங்க இஷ்டம்" என்பார். அதனால் லாயத்துச் சுவரில் ஒரு மாதக் காலண்டர் மாட்டுங்கள். சாயந்திரம் தீனி வைத்த பிறகு அன்றைய தேதியில் ஒரு குறி: நல்ல நாள் என்றால் டிக், கெட்ட நாள் என்றால் பெருக்கல். நல்ல நாள் என்றால் என்ன என்பதை முதலிலேயே எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் மனசு ஏமாற்றும். தானாக நடந்து தண்ணீர்த் தொட்டிக்குப் போனது, கூட இருக்கும் குதிரையோடு நின்றது, படுத்து எழுந்தது, வைத்த கொள்ளில் முக்கால்வாசி தின்றது என்பது மாதிரி மூன்று நான்கு விஷயம் போதும். குறி வைக்கும் வேலையை நீங்களும் உங்கள் சைஸும், அதாவது குதிரையைப் பராமரிக்கும் ஆளும், மாற்றி மாற்றிச் செய்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் தினமும் அதன் உடம்பைத் தேய்த்துவிடுகிறவருக்குத் தெரிவது வாரத்துக்கு இரண்டு நாள் வந்து கேரட் கொடுத்துவிட்டுப் போகிற முதலாளிக்குத் தெரியாது. ஒரு மாதத்தில் பெருக்கல் குறி பாதியைத் தாண்டிவிட்டால் பேச்சைத் தொடங்கும் நேரம் வந்துவிட்டது.

"வாய் ஓடுதுல்ல, அப்போ நல்லாத்தான் இருக்கு" என்பார்கள் அக்கம்பக்கத்தில். நம்பாதீர்கள். குதிரை வேட்டையாடப்படும் மிருகம், வலியை மறைத்துக்கொண்டு மேய்வது அதன் சுபாவம். வலியை முகத்தில் தேடுங்கள். 2014ல் குதிரை முகத்தை வைத்தே வலியை மதிப்பிடும் ஓர் அளவுகோலை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். காது விறைத்துப் பின்பக்கம் திரும்பியிருப்பது, கண் பாதி மூடினாற்போல் இறுகுவது, கண்ணுக்கு மேலே எலும்பு துருத்தித் தெரிவது, தாடைத் தசை கெட்டிப்படுவது, வாயும் மூக்குத் துளையும் இழுத்துப் பிடித்த மாதிரி இருப்பது, இவைதான் அதில் பார்க்கிறார்கள். போன வருடத்துப் போட்டோ ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சட்டென்று தெரியும்.

நிறையப் பேர் கவனிக்காத ஒன்று தூக்கம். குதிரை நின்றபடியே கண் அயரும் என்பது சரிதான், ஆனால் ஆழ்ந்த கனவுத் தூக்கத்துக்கு அது படுத்தே ஆக வேண்டும், ஒரு நாளைக்கு அரை மணி நேரமாவது. மூட்டு தேய்ந்த குதிரை, படுத்தால் எழ முடியாது என்ற பயத்தில் படுப்பதையே நிறுத்திவிடும். வாரக்கணக்கில் இப்படிப் போனால் நின்ற இடத்தில் தூங்கி விழ ஆரம்பிக்கும். முன்னங்கால் முட்டியிலும் கணுவின் முன்பக்கத்திலும் அடிக்கடி புதுச் சிராய்ப்பு தெரிந்தால், உடம்பில் சாணிக் கறையே இல்லாமல் "சுத்தமாக" இருந்தால், அது படுக்கவில்லை என்று அர்த்தம். தூங்கவே முடியாத ஒரு பிராணி என்னதான் வாய் ஓட்டினாலும் நன்றாக இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல் தேய்ந்து புல்லை உருண்டையாக மென்று துப்பினால் ஊறவைத்த தவிடு, ஊறவைத்த தீவனம் என்று கொஞ்ச காலம் ஓட்டலாம். சித்திரை வெயிலிலும் உதிராத நீள முடி பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறின் அடையாளம், அதற்கு பெர்கோலைடு மாத்திரை உண்டு, அதுவே முடிவுக்குக் காரணமாகிவிடாது. ஆனால் அதோடு குளம்பு அழற்சியும் சேர்ந்து, அதாவது லேமினைடிஸ், வலி மருந்து கொடுத்தும் குதிரை பின்பக்கமாகச் சாய்ந்து குளம்பை ஊன்றப் பயந்து நின்றால் கதை மாறிவிடுகிறது. எடையைக் கண்ணால் பார்க்காமல் கையால் தடவிப் பாருங்கள். டாக்டர்கள் 1 முதல் 9 வரை மதிப்பெண் போடும் முறை ஒன்று 1983லிருந்தே இருக்கிறது, உங்கள் குதிரை எதில் நிற்கிறது என்று கேட்டு மாதாமாதம் எழுதி வையுங்கள். 2க்கு இறங்கி, நன்றாகத் தின்றும் ஏறவில்லை என்றால் உடம்பு தன் பதிலைச் சொல்லிவிட்டது.

பணம் ஒரு காரணமாக இருக்கலாமா? இருக்கலாம். மாதம் மருந்துக்கும் தீனிக்கும் ஆகிற செலவை இனித் தாங்க முடியாது என்று நல்ல நிலையில் இருக்கும்போதே நிம்மதியாக முடித்துவைப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவிழ்த்து விட்டுவிடுபவரைத்தான் சொல்வேன். ஊட்டியில் சவாரிக்கு ஆகாத குதிரைகள் ரோட்டோரம் குப்பையைக் கிளறிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பசியிலும் தாகத்திலும் வாடும் என்று தெரிந்தே ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம். "யாராவது நல்லவங்க கிட்ட கொடுத்துடலாம்" என்பதும் பல நேரம் இதே கைவிடல்தான், கொஞ்சம் சுற்றி வளைத்து. முதல் உலகப் போருக்குப் போய் எகிப்தில் விற்கப்பட்ட படைக்குதிரைகள் கெய்ரோ தெருக்களில் வண்டியிழுத்துக் கிழண்டு கிடந்ததை 1930ல் அங்கே போன டோரத்தி புரூக் என்ற ஆங்கிலேயப் பெண் பார்த்தார். மறுவருடம் லண்டன் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதிப் பணம் திரட்டி, சுமார் 5,000 குதிரைகளைத் தேடித் தேடி விலைக்கு வாங்கினார். வாங்கியதில் பெரும்பாலானவற்றை என்ன செய்தார் தெரியுமா? வலியில்லாமல் முடித்துவைத்தார், அதற்காகத்தான் வாங்கினார். அவரை இன்றைக்கும் யாரும் கொலைகாரி என்று சொல்வதில்லை.

நடுராத்திரி வரப்போகும் கேள்விக்கு இப்போதே பதில்

காலண்டரெல்லாம் நிதானமாகத் தேய்கிற குதிரைக்கு. கிழக்குதிரைகளுக்கு இன்னொரு அபாயம் உண்டு: வயிற்றுக்குள் காம்போடு தொங்கும் கொழுப்புக் கட்டி ஒரு நாள் குடலைச் சுற்றி இறுக்கிவிடும். சாயந்திரம் நன்றாக இருந்தது, ராத்திரி 2 மணிக்கு வியர்த்து ஊற்றிப் புரண்டுகொண்டிருக்கும். நிதானமாக நிற்கும் குதிரைக்கு நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44. அது 60ஐத் தாண்டி இறங்காமல் நின்றால், ஈறு செங்கல் நிறமாகவோ ஊதாவாகவோ மாறினால், வலி ஊசி போட்டும் கொஞ்ச நேரத்தில் மறுபடி புரள ஆரம்பித்தால் விஷயம் பெரிது. ஆபரேஷன் ஒன்றுதான் வழி, அதைச் செய்யும் வசதி எல்லா ஊரிலும் இல்லை, லாரியில் மணிக்கணக்காக ஏற்றிப் போக வேண்டும், போகிற வழியிலேயே போய்விடலாம்.

அந்த நேரத்தில் உங்களால் யோசிக்க முடியாது. அதனால் இன்றைக்கே யோசியுங்கள். ஆபரேஷனுக்கு அனுப்புவீர்களா மாட்டீர்களா, நீங்கள் ஊரில் இல்லாவிட்டால் யார் முடிவெடுக்கலாம், எந்த டாக்டரைக் கூப்பிடுவது, அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு லாயத்தில் ஒட்டிவையுங்கள். தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண்ணையும் அதில் சேருங்கள். குதிரைக்கு இன்சூரன்ஸ் இருந்தால் அந்த எண்ணையும். உயிர் போகும் அவசரம் தவிர மற்ற நேரத்தில் முதலிலேயே சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்காவிட்டால் பணம் வருவதில் சிக்கல் வரலாம்.

டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்

நம்மூரில் பெரும்பாலான கால்நடை டாக்டர்களின் அன்றாட வேலை மாடும் ஆடும் நாயும். திறமை இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் குதிரைக்கு இதைச் செய்த அனுபவம் இருக்கிறதா என்று நேராகக் கேட்பதில் தப்பில்லை. நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். சென்னை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, 1903ல் தொடங்கிய கல்லூரி அது, அங்கே விசாரிக்கலாம். பக்கத்தில் ரைடிங் ஸ்கூல் இருந்தால் அவர்கள் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டாலே பாதி வேலை முடிந்தது.

கேட்க வேண்டியது இதுதான். முதலில் குதிரை நன்றாகச் சொக்கி நிற்கும் அளவுக்கு அமைதி ஊசி போடுவீர்களா? கழுத்து நரம்பில் வென்ஃப்ளான், அதாவது உள்ளேயே நிற்கும் மெல்லிய குழாய், போட்டு அதன் வழியாகக் கொடுப்பீர்களா, அல்லது நேரடியாக ஊசியா? என்ன மருந்து? பென்டோபார்பிட்டல் என்றால் அது தானே ஆழ்ந்த மயக்கத்தில் தள்ளி மூச்சையும் இதயத்தையும் நிறுத்தும். அது எல்லா இடத்திலும் கையிருப்பில் இருக்காது. அப்போது முழு மயக்க மருந்து கொடுத்து, குதிரை விழுந்து, கண்ணைத் தொட்டாலும் இமைக்காது என்று உறுதி செய்த பிறகு இதயத்தை நிறுத்தும் வேறு மருந்தைக் கொடுப்பார்கள். அந்த வரிசை முக்கியம். நினைவோடு இருக்கும் குதிரைக்குப் பொட்டாசியம் குளோரைடையோ மெக்னீசியம் சல்ஃபேட்டையோ நேராக ஏற்றுவது கொடுமை, யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். "ஒரு ஊசிதான் சார், நானே போட்டுடறேன், டாக்டர் எதுக்கு" என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக, கூடுதலாக ஒரு டோஸ் கையில் கொண்டுவருவீர்களா என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விதான் பல மோசமான கதைகளை நடக்காமல் தடுத்திருக்கும்.

இடம், குழி, ஜேசிபி

இதைப் பேசவே மனசு வராது. ஆனால் துக்கத்தில் இருக்கும்போது 400 கிலோ உடலை வைத்துக்கொண்டு போன் போட்டுக்கொண்டிருப்பதைவிட மோசமான மத்தியானம் இல்லை, அதுவும் நம்மூர் வெயிலில். சொந்த நிலம் இருந்தால் கிணறு, போர், ஓடை எதுவும் பக்கத்தில் இல்லாத மேட்டில், ஒரு நாள் முன்னாடியே குழி வெட்டச் சொல்லுங்கள். உடல் மேல் குறைந்தது 4 அடி மண் விழுகிற ஆழம் வேண்டும், 8, 9 அடி என்று ஜேசிபிக்காரரிடம் சொன்னால் புரியும். ஐப்பசி கார்த்திகை மழையில் குழியில் நீர் ஊறும், அதையும் நினைவில் வையுங்கள். டவுனில் இருந்தால் நகராட்சி அல்லது மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவில் முன்கூட்டியே கேட்டு எந்த நேரம், எவ்வளவு கட்டணம் என்று பேசிவிடுங்கள்.

உடலைக் குப்பைமேட்டிலோ காட்டோரத்திலோ போடக் கூடவே கூடாது. பென்டோபார்பிட்டல் சதையிலேயே தங்கும், தின்கிற நாயும் நரியும் கழுகும் அதே மயக்கத்தில் சாகும். நீலகிரிப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும், மாயாறு பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பிணந்தின்னிக் கழுகுகள் ஏற்கெனவே மாட்டுக்குப் போட்ட டைக்லோஃபினாக் என்ற வலி மருந்தால் அழிந்ததில் தப்பியவை. அந்த மருந்தைக் கால்நடைக்குப் போட 2006லேயே தடை வந்துவிட்டது.

குதிரை விழப்போகிற இடம் திறந்தவெளியாக, சமமாக, மண்ணோ புல்லோ உள்ளதாக இருக்கட்டும். லாயத்துக்குள் வேண்டாம், சுவரில் மோதும், வெளியே எடுப்பதும் பெரும்பாடு. ஜேசிபி உள்ளே வர வழி இருக்கிறதா பாருங்கள். நேரம் காலை 7, 8 மணி. வெயில் ஏறாது, டாக்டருக்கு அவசரம் இருக்காது, ஏதாவது தேவைப்பட்டால் கடை திறந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். முந்தின நாளே லாடத்தைக் கழற்றச் சொல்லி, பிடரி மயிரிலும் வாலிலும் கொஞ்சம் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். வேண்டுமா வேண்டாமா என்று பிறகு யோசிக்கலாம், ஆனால் பிறகு வெட்ட முடியாது.

அந்தப் பத்து நிமிடம்

பட்டினி போடத் தேவையில்லை. வெல்லமோ கேரட்டோ எது பிடிக்குமோ அதை ஆசை தீரக் கொடுங்கள், அமைதி ஊசிக்கு முன்னால் மட்டும், அதற்குப் பிறகு விழுங்கத் தெரியாது. ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் தலை தொங்கும், கீழுதடு தளரும், கால்களை அகட்டி நிற்கும். பேச வேண்டியதை இப்போது பேசிவிடுங்கள். கழுத்தில் கை வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் பெரிய ஊசி. நாய்க்குப் போடுவது போல் சின்னதாக இருக்காது, 100 மில்லி அளவுக்கு மருந்து போக வேண்டியிருக்கும், சிரிஞ்ச் மாற்றி மாற்றி ஏற்றுவார்கள். டாக்டர் "விடுங்க" என்றதும் கயிற்றை விட்டுவிட்டுப் பின்னால் வாருங்கள், வீரம் காட்ட வேண்டாம். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடத்தில் ஒரு நீண்ட மூச்சு இழுத்து விழும். சில குதிரை மெல்லப் பின்னங்காலை மடக்கி உட்கார்ந்து சாயும், சில மரம் சாய்கிற மாதிரி தடாலென்று விழும். அந்தச் சத்தம் பெரிதாக இருக்கும், அதற்குத் தயாராக இருங்கள்.

விழுந்த பிறகு பார்ப்பதுதான் பலருக்கு மனசில் ஒட்டிக்கொள்கிறது, எனவே இதை இரண்டு முறை படியுங்கள். கண் மூடாது. திறந்தே இருக்கும். தோளிலும் விலாவிலும் தோல் துடிக்கும், கால் உதைக்கிற மாதிரி அசையும். ஒரு நிமிடம் எதுவுமே இல்லாமல் இருந்துவிட்டு, திடீரென்று ஆழமாக மூச்சு வாங்கும், அப்படி மூன்று நான்கு முறை வரலாம், "ஐயோ உயிர் இருக்கு" என்று கத்தத் தோன்றும். அது மூளையின் அடித்தண்டு கடைசியாகத் தட்டும் அனிச்சை. நினைவு ஏற்கெனவே போய்விட்டது, வலி இல்லை. இதயம் இன்னும் சில நிமிடம் லேசாகத் துடிக்கலாம். சிறுநீர் வரும், மூக்கில் கொஞ்சம் ரத்தம்கூட வரலாம். டாக்டர் விழியை விரலால் தொட்டுப் பார்ப்பார், ஸ்டெதஸ்கோப் வைத்துச் சில நிமிடம் கேட்பார், கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்பார். அவர் முடிந்தது என்று வாயால் சொல்லும்வரை முடிந்தால் நில்லுங்கள், நகர வேண்டும் போலிருந்தால் நகரலாம், அதில் துரோகம் ஒன்றும் இல்லை. கூடவே நின்றே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் கிடையாது. நீங்கள் அழுது நடுங்கினால் குதிரையும் பதறும், அப்படிப்பட்டவர் வெல்லம் கொடுத்துத் தடவிவிட்டு விலகி, அதற்குப் பழகின, கை நடுங்காத ஒருவரை நிற்கவைப்பதுதான் குதிரைக்குச் செய்கிற நல்லது.

ஒன்றே ஒன்று: ஜேசிபி வந்து உடலைத் தூக்குவதை மட்டும் பார்க்காதீர்கள். காலில் சங்கிலி கட்டி இழுப்பார்கள், தலை தொங்கும். உயிர் போனதைத் தாங்கினவர்கள்கூட இதைத் தாங்க முடியாமல் உடைந்திருக்கிறார்கள். தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போங்கள். மண் மூடின பிறகு வந்து பால் தெளியுங்கள், மாலை போடுங்கள்.

சரியாக நடக்காமல் போனால்

சில நேரம் நடக்காது. ஊசி நரம்பை விட்டு வெளியே நழுவினால் மருந்து சதையில் எரியும், குதிரை உதறும். வயிற்று வலியில் அதிர்ச்சி நிலைக்குப் போன குதிரைக்கு ரத்த ஓட்டமே மந்தம், மருந்து மூளைக்குப் போய்ச் சேர நேரமாகும். பயந்துபோன குதிரைக்கு அட்ரினலின் ஏறி அமைதி ஊசி பாதிதான் பிடிக்கும். அளவு குறைந்தால் விழுந்த குதிரை தலையைத் தூக்கப் பார்க்கும். இதில் எது நடந்தாலும் அந்த இடத்தில் நீங்கள் செய்ய வேண்டியது இரண்டுதான்: கயிற்றை விட்டு எட்டி நிற்பது, டாக்டர் இரண்டாவது டோஸ் போட இடம் கொடுப்பது. கூட்டத்தை ஒருவர் வெளியே அனுப்பட்டும், போனில் வீடியோ எடுப்பவர் இருந்தால் அவரை முதலில்.

அப்புறம் வரும் ராத்திரிகள்தான் கஷ்டம். அதற்கு ஒரு வழி சொல்கிறேன், கொஞ்சம் கடினமாகத் தெரியும். அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாள், நடந்ததை வரிசையாக ஒரு நோட்டில் எழுதுங்கள். எத்தனை மணிக்கு முதல் ஊசி, எப்போது விழுந்தது, எப்போது இரண்டாவது ஊசி. மனசு இரண்டு நிமிடத்தை இருபது நிமிடமாக நீட்டிவிடும், நடக்காததையும் சேர்த்துக்கொள்ளும், எழுதி வைத்தது அதைக் கட்டுப்படுத்தும். ஒரு வாரம் கழித்து அந்த நோட்டோடு டாக்டரிடம் போய் உட்கார்ந்து கேளுங்கள்: இந்த நேரத்தில் அதற்கு நினைவு இருந்ததா, இந்த உதைப்பு என்ன, இந்த மூச்சு என்ன. பெரும்பாலும் நீங்கள் பயந்ததில் முக்கால்வாசி நினைவு போன பிறகு நடந்ததாக இருக்கும். மீதிக் கால்வாசி நிஜமாகவே கஷ்டப்பட்ட நேரமாக இருக்கலாம். அதை இல்லையென்று பூசி மெழுகச் சொல்லவில்லை. ஆமாம், ஒரு நிமிடம் பயந்தது, வலித்தது. ஊசியே போடாமல் விட்டிருந்தால் அது எத்தனை மணி நேரமாக இருந்திருக்கும் என்பதையும் அதே நோட்டில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

டாக்டரின் அலட்சியம்தான் காரணம் என்று நிதானமாக யோசித்த பிறகும் தோன்றினால் மாநிலக் கால்நடை மருத்துவ கவுன்சிலில் எழுத்துமூலம் புகார் கொடுக்க வழி இருக்கிறது. ஆனால் முதல் வாரத்தில் வேண்டாம், அப்போது யார் மேலாவது கோபப்பட வேண்டும் போலத்தான் இருக்கும்.

சைஸ், பிள்ளைகள், கூட இருந்த குதிரை

எல்லோரும் முதலாளிக்கு ஆறுதல் சொல்வார்கள். அந்தக் குதிரையைப் பத்து வருடமாகத் தினமும் தேய்த்துக் குளிப்பாட்டின சைஸை யாரும் கேட்க மாட்டார்கள். அவருக்குத் துக்கம் மட்டுமல்ல, வேலை போய்விடுமோ என்ற பயமும் சேர்ந்திருக்கும். கயிற்றைப் பிடிக்க விருப்பமா என்று அவரிடம் கேளுங்கள், உத்தரவு போடாதீர்கள். மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். சம்பளம் என்ன ஆகும் என்பதை அந்த நாளுக்கு முன்பே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அன்றைக்கு மத்தியானம் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

சின்னப் பிள்ளைகளிடம் "தூங்க வைச்சுட்டோம்" என்று சொன்னால் அடுத்த நாளிலிருந்து பிள்ளை தூங்கப் பயப்படும். வயசாகி உடம்பு ரொம்ப வலித்தது, சரியாகாது என்று டாக்டர் சொன்னார், வலிக்காமல் சாக மருந்து கொடுத்தோம், இனி வராது என்று நேராகச் சொல்லுங்கள். பத்து தடவை திரும்பக் கேட்கும், பத்து தடவையும் அதே பதில்.

கூட இருந்த குதிரையை ஒளித்து வைக்காதீர்கள். எல்லாம் முடிந்து டாக்டர் விலகியதும் அதைக் கொண்டுவந்து உடலருகே விடுங்கள். முகரும், சில நேரம் பல்லால் இழுத்துப் பார்க்கும், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தானாக மேயப் போய்விடும். பார்க்கவிடாமல் கொண்டுபோய்விட்டால் நாள்கணக்காகக் கனைத்துக்கொண்டு வேலியோரம் நடந்துகொண்டே இருக்கும், தீனியும் எடுக்காது. கிளாண்டர்ஸ் மாதிரி தொற்று நோய்க்காக அரசு உத்தரவின் பேரில் நடந்தால் இது பொருந்தாது, அங்கே யாரையும் பக்கத்தில் விட மாட்டார்கள், உங்களையும்தான்.

அப்புறம்

"ஒரு குதிரைக்குப் போய் இவ்வளவா" என்று கேட்கிறவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். "பாவம் சேருமே" என்று சொல்லும் பெரியவர்கள் இருப்பார்கள், அவர்கள் மனசும் வேறு வகையில் வலிக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அய்யனார் கோயிலில் மண்குதிரை வைக்கிற ஊர் நம்முடையது. நம்பிக்கை இருந்தால் அடுத்த புரவி எடுப்புக்கு அதன் பேரில் ஒன்று செய்து வைக்கலாம், அந்தப் பெரியவர்களுக்கும் சமாதானம், உங்களுக்கும் செய்ய ஒரு வேலை. நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரு புங்கன் கன்று.

காலை 5 மணிக்குத் தீனி போட விழித்துப் பழகின உடம்பு கொஞ்ச காலம் அதே நேரத்துக்கு விழிக்கும். படுத்துப் புரளாமல் எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். விழுந்த காட்சி கண்முன் வந்தால் தள்ள முயலாதீர்கள், அது ஓடி விளையாடின பழைய வீடியோ ஒன்றை எடுத்துப் பாருங்கள், அழுகை வரும், பரவாயில்லை. ஒரு மாதம் தாண்டியும் தூக்கம் பிடிக்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் 14416க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம், குதிரைக்காக அழுகிறேன் என்று சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

மிச்சமிருக்கும் வலி மருந்துகளை மாட்டுக்கு ஆகுமே என்று யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், டாக்டரிடமே திருப்பிக் கொடுங்கள். கொள்ளும் தவிடும் கெடுவதற்குள் பக்கத்து லாயத்துக்கு. ஆடி மாதம் வந்ததும் "வா, அந்தியூர்ச் சந்தையில் நல்ல குட்டி ஒன்று பிடிச்சிடலாம்" என்று கூப்பிடுவார்கள். போய் வேடிக்கை பார்த்துவிட்டு வரலாம், பணத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், உங்களுக்காக இன்னொன்று வாங்குவதற்கு அவசரமே இல்லை. ஆனால் லாயத்தில் ஒற்றையாக மிஞ்சிய குதிரை ஒன்று இருந்தால் அதற்கு மட்டும் காத்திருக்க முடியாது. தனியாக நின்றால் அது வாடிப்போகும். இன்னொரு குதிரைதான் வேண்டும் என்றில்லை, ஒரு மட்டக்குதிரையோ கழுதையோ கிடைத்தாலும் போதும், அதுவும் கிடைக்கும்வரை ஓர் ஆட்டைக் கட்டிவைத்தால்கூடப் பழகிக்கொள்ளும்.